கவினும் கெவினும்

நான் வேலை பார்க்கும் நர்சரியில், உள்ளே நுழைந்ததும் வலது கைப் பக்கச் சுவரில் ஒரு நீளப் பலகை இருக்கிறது. குழந்தைகள் கோட் மாட்டுவதற்கு அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு சின்ன அட்டை, அதில் குழந்தையின் போட்டோ, கீழே பெயர். காலையில் கதவைத் திறப்பது பெரும்பாலும் நான்தான். முதல் குழந்தை வருவதற்கு முன்னால் கிடைக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், கோட் எதுவும் இல்லாத சுவரில் பெயர்கள் மட்டும் தனியாகத் தெரியும்.

மட்டில்டா. ஹியூகோ. ஈடித். ரூஃபஸ். கிளெமென்டைன். ஆர்தர். ஐவி.

ஊர், லண்டனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில், தேம்ஸ் ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறது. இந்த நர்சரி வட கரையில், பெரிய மரங்கள் நிழல் விழுத்தும் தெருக்களுக்கு நடுவே. இதற்கு முன்னால் ஆறு வருடம் தென் கரையில், உள்ளாட்சி நிர்வாகம் குறைந்த வாடகைக்கு விடும் கவுன்சில் வீடுகள் நிறைந்த பகுதியில் வேறொரு நர்சரியில் இருந்தேன். அங்கேயும் இதே போல ஒரு பலகை, இதே கொக்கிகள். பெயர்கள் வேறு. ஜேடன். எல்லி-மே. டைலர்-ஜே. லெக்ஸி. கேடன். ஷனெல்.

குழந்தைகளின் உண்மையான பெயர்களை இங்கே எழுதவில்லை. அதே ரகத்துப் பெயர்களாக மாற்றியிருக்கிறேன். நான் பேச வந்தது அந்த ரகத்தைப் பற்றித்தான்.

ஈரோட்டிலிருந்து இங்கே வந்த புதிதில் எனக்கு இந்தப் பெயர்களுக்குள் எந்த வித்தியாசமும் தெரியாது. டைலரும் ஆர்தரும் எனக்கு ஒன்றுதான், இரண்டும் இங்கிலீஷ் பெயர். வித்தியாசம் இருக்கிறது என்பது தெரிந்தது 2012 ஆகஸ்டில், நான் வேலைக்குச் சேர்ந்த வருடம். செப்டம்பரில் புதிதாகச் சேரும் குழந்தைகளின் பட்டியல் வந்திருந்தது. டீ குடித்துக்கொண்டே ஒருத்தி அதைச் சத்தமாக வாசித்தாள். பாதியில் நிறுத்தி, "ஒரு டைலர்-ஜே வர்றான். யாரோட குரூப்ல போடப்போறாங்களோ!" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்தேன். பெயரைத் தவிர அந்தப் பையனைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டரை வயது.

அவன் என் குரூப்பில்தான் வந்து சேர்ந்தான். முதல் நாள் அவன் செய்த காரியம் இன்றும் கண்ணில் நிற்கிறது. ஜமுக்காளத்தில் கால் வைப்பதற்கு முன்னால் ஷூவைக் கழற்றி, இரண்டையும் ஒட்டி, முனை சுவரைப் பார்க்கும்படி வைத்தான். அப்புறம் மற்ற குழந்தைகள் வீசியெறிந்திருந்த ஷூக்களையும் ஜோடி தேடி, ஒவ்வொன்றாக அதே மாதிரி அடுக்கினான். அவ்வளவு பொறுமை அந்த வயதில் நான் யாரிடமும் பார்த்ததில்லை. மூன்றாவது நாள் ஒரு பெண் குழந்தையின் கையில் பல் பதிந்திருந்தது. யார் கடித்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஆனால் அறையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவன் ஷூக்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கடித்தது அவன் இல்லை. அது அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. ஆனால் காலையில் அந்தக் கண்கள் திரும்பியதை அவன் பார்த்தான். நானும் பார்த்தேன்.

பிரிட்டனில் யாரும் உங்களிடம் நேராக வந்து நீங்கள் எந்த வர்க்கம் என்று கேட்க மாட்டார்கள். கேட்கத் தேவையில்லை. வாயைத் திறந்ததும் உச்சரிப்பு சொல்லிவிடும். சாயங்காலச் சாப்பாட்டைத் தொழிலாளி வீடுகளில் மாதிரி டீ என்கிறீர்களா, வசதியான வீடுகளில் மாதிரி சப்பர் என்கிறீர்களா என்பது சொல்லிவிடும். பிள்ளையின் பெயர் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நிற்கிறது. பிள்ளை பேசவே ஆரம்பிக்காத வயதில் அதற்காகப் பெயர் பேசிவிடுகிறது.

இதில் எனக்கு முதலில் பிடிபட்டது நடுவில் வரும் சிறு கோடு. இங்கே குடும்பப் பெயரில் கோடு இருந்தால் அது பழைய பணத்தின் அடையாளமாக இருந்தது. அரசியல்வாதி ஜேக்கப் ரீஸ்-மாக் மாதிரி. ஆண் வாரிசு இல்லாத வீட்டுச் சொத்து பெண் வழியாகப் போகும்போது, எங்கள் குடும்பப் பெயரையும் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் சொத்து என்று உயிலில் எழுதிவைப்பார்கள். அப்படி ஒட்டியவை அந்தப் பெயர்களில் பல. அதே கோடு முதல் பெயரில் வந்தால், எல்லி-மே, டைலர்-ஜே என்று வந்தால், ஆட்கள் உதட்டைச் சுழிக்கிறார்கள்.

எல்லி-மேயின் அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பவள். காலையில் யூனிஃபார்மோடு நேராக வந்து குழந்தையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்குவாள். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது நான் பெயரைப் பற்றிக் கேட்டேன். புருஷனின் பாட்டி எலன், தன்னை வளர்த்த பாட்டி மே என்றாள். "ரெண்டு பேருமே உயிரோட இருந்தாங்க. யாரை விடுறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பெரிய வீட்டுக் கோடு இரண்டு சொத்தைச் சேர்த்தது. இந்தக் கோடு இரண்டு கிழவிகளைச் சேர்த்து வைத்திருந்தது. எதற்கு மரியாதை, எதற்குக் கேலி என்பதை யோசிக்க யோசிக்க எனக்கு ஆறவே இல்லை.

அதற்குப் பிறகுதான் இந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் பல எனக்குக் கோபத்தை வரவழைத்தன.

டிரேசி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களில் இங்கே ஷரன், டிரேசி என்று இரண்டு பெயர்களைச் சேர்த்துச் சொன்னாலே அது ஒரு வசவு. லண்டனுக்குக் கிழக்கே உள்ள எசெக்ஸ் பக்கத்துப் பெண், வெள்ளை ஹைஹீல்ஸ், படிப்பில்லாதவள் என்று அர்த்தம். 1989-ல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் இரண்டு அக்கா தங்கைகளுக்கும் அதே பெயர்கள்தான். ஆனால் டிரேசி, பிரான்சின் நார்மண்டி பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த ஊரிலிருந்து வந்த பிரபுக் குடும்பத்தின் பெயர். 1170-ல் கேன்டர்பரி தேவாலயத்துக்குள் புகுந்து பேராயர் தாமஸ் பெக்கெட்டை வெட்டிய நான்கு வீரர்களில் ஒருவன் வில்லியம் டி டிரேசி. எட்டு நூற்றாண்டு கழித்து, 1956-ல், கிரேஸ் கெல்லி ஒரு ஹாலிவுட் படத்தில் டிரேசி என்ற பணக்காரப் பெண்ணாக நடித்தார். அதே வருடம் அவர் மொனாக்கோ இளவரசியும் ஆனார். அந்தச் சமயத்தில் மகளுக்கு டிரேசி என்று பெயர் வைத்த ஒரு தொழிலாளி வீட்டுத் தாய் மனதில் என்ன நினைத்திருப்பாள்? தான் பார்த்ததிலேயே அழகான ஒன்றைத் தன் பிள்ளைக்கு எடுத்துக்கொடுத்தாள்.

ஷன்டெல் என்ற பெயரும் அப்படித்தான். அது ஷன்டாலின் இன்னொரு வடிவம். 17-ஆம் நூற்றாண்டில் கன்னியர் சபை ஒன்றை நிறுவிய ஜான் டி ஷன்டால் என்ற பிரெஞ்சுப் பிரபுவம்சத்துப் புனிதையின் பெயர். ஷரன் பைபிளில் வரும் சமவெளி, உன்னதப்பாட்டில் அதன் பூவைப் பாடுகிறார்கள். இப்படிப் பெரிய இடத்துப் பெயர்கள்தான் கீழே இறங்கியதும் கேலிக்கு ஆளாகின்றன. பெயரின் ஒலியிலோ பொருளிலோ தாழ்வு எதுவும் இல்லை. யார் வாயால், யாருடைய பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது.

இது நேற்று ஆரம்பித்ததும் இல்லை. 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது இந்த நாட்டு ஜனங்களின் பெயர்கள் லெயோஃப்ரிக், காட்ரிக், வுல்ஃப்ஸ்டன் என்று இருந்தன. வந்தவர்களின் பெயர்கள் வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ஹென்றி. சில தலைமுறைக்குள் உழுகிறவனும் பன்றி மேய்க்கிறவனும் தன் மகனுக்கு வில்லியம் என்று வைக்க ஆரம்பித்துவிட்டான். பழைய பெயர்களில் பெரும்பாலானவை செத்தே போயின. 12-ஆம் நூற்றாண்டில் விட்பி என்ற கடற்கரை ஊரில் டோஸ்டி என்று ஒரு பையன் இருந்தான். கூட இருந்த பிள்ளைகள் அந்தப் பழைய பெயரைக் கேலி செய்ததால் பெற்றோர் அவனுக்கு வில்லியம் என்று மாற்றினார்கள். பிற்காலத்தில் அவன் துறவியாகி பார்த்தலோமியு என்ற பெயரில் ஃபார்ன் தீவில் வாழ்ந்தான். அதனால்தான் அவன் கதை எழுதி வைக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. எழுதப்படாத டோஸ்டிகள் எத்தனை பேரோ.

அரசிகூடத் தப்பவில்லை. 1100-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி மணந்த பெண்ணின் பெயர் ஈடித். நார்மன்களுக்கு முன்னால் இங்கிலாந்தை ஆண்ட சாக்சன் அரச வம்சத்து ரத்தம். நார்மன் பிரபுக்கள் முகம் சுளிக்கும் பெயர் அது. அரசியானதும் மட்டில்டா என்று ஆனாள். அப்படியும் பிரபுக்கள் அந்தத் தம்பதியைக் காட்ரிக், காடிவா என்று சாக்சன் குடியானவர்களின் பெயர் சொல்லி முதுகுக்குப் பின்னால் கேலி செய்தார்கள்.

எங்கள் நர்சரிப் பலகையில் ஈடித்தின் கொக்கியும் மட்டில்டாவின் கொக்கியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் இன்று ஒரே உயரம். இரண்டு பேருக்கும் ஒரே கடையில் வாங்கிய மஞ்சள் மழைக்கோட்டு.

விக்டோரியா காலத்துப் பெரிய வீடுகளில் வேலைக்கு வரும் பெண்ணின் பெயர் கொஞ்சம் எடுப்பாக இருந்தால் எஜமானி அதை மாற்றிவிடுவாளாம். மேரி, ஜேன், எம்மா என்று ஏதாவது ஒன்று. வீட்டு மகளுக்கும் வேலைக்காரிக்கும் ஒரே பெயர் இருந்தால் மாற வேண்டியது வேலைக்காரியின் பெயர்தான். சில வீடுகளில் எடுபிடி ஆள் யார் வந்தாலும் ஜான் அல்லது ஜேம்ஸ். ஆள் மாறுவான், பெயர் மாறாது. ஒரு மனுஷிக்குத் தன் அம்மா வைத்த பெயரைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். ஐவி, எல்சி, ஆல்ஃபி, ஸ்டான்லி போன்ற பெயர்களை நூறு வருடத்துக்கு முன்னால் சுரங்கத் தொழிலாளி, நெசவாலைத் தொழிலாளி வீடுகளில் நிறைய வைத்தார்கள். அப்புறம் கிழவன் கிழவி பெயர் என்று எல்லோரும் கைவிட்டார்கள். அந்தக் கிழவிகள் போய்ச் சேர்ந்த பிறகு, வட கரை ஆட்கள் அதைத் தேடி எடுத்து மறுபடி வைக்கிறார்கள். பழைய மரச்சாமான் கடையில் ஒரு ஸ்டூலைக் கண்டெடுத்து மெருகு போடுவது மாதிரி. ஆர்தரும் ஐவியும் சமீப வருடங்களில் இங்கிலாந்து, வேல்ஸின் முதல் பத்துப் பெயர்களுக்குள்ளேயே வந்துவிட்டன. அரசுப் புள்ளிவிவர அலுவலகம் வருடா வருடம் வெளியிடும் பட்டியலில் தாயின் வயதை வைத்தும் பெயர்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். வயது கூடிய தாய்மார்கள் பழைய பெயர்களையும், இளம் தாய்மார்கள் புதிய பெயர்களையும் சுருக்கப் பெயர்களையும் அதிகம் வைக்கிறார்கள். இந்த நாட்டில் படித்து, வேலைக்குப் போய், வீடு வாங்கிப் பிறகு பிள்ளை பெறுகிறவள் யார், இருபது வயதில் பெறுகிறவள் யார் என்பதை யோசித்தால் அந்தப் பட்டியலுக்குள் வர்க்கம் இருப்பது தெரியும். 2016 முதல் பெண் குழந்தைகளில் முதலிடத்தில் இருக்கும் ஒலிவியா மாதிரி எல்லாத் தெருவிலும் கேட்கும் பெயர்களும் உண்டுதான். ஆனால் அவை கொஞ்சம்.

2013 ஜூலையில் கேட்டி ஹாப்கின்ஸ் என்ற பெண்மணி காலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் உட்கார்ந்து, பெயரை வைத்தே ஒரு பிள்ளை எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றார். டைலர், சார்மேன், ஷார்டனே போன்ற பெயருள்ள பிள்ளைகளோடு தன் பிள்ளைகள் பழகுவதை விரும்பவில்லை என்றார். இடப் பெயர்களை வைப்பதும் பிடிக்காது என்றபோது, உங்கள் மகள் பெயரே இந்தியா தானே என்று தொகுப்பாளர் கேட்டார். அந்தத் துண்டு வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. எங்கள் ஸ்டாஃப் ரூமிலும் ஒரு போனைச் சுற்றி நின்று பார்த்தோம். முந்தின வருடம் பட்டியல் வாசித்த அதே பெண், வீடியோ முடிந்ததும் கோப்பையைக் கழுவப் போனாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை. அவள் அக்கா மகள் பெயர் சார்மேன் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அவளும் அந்தத் தென் கரைத் தெருக்களில் பிறந்து வளர்ந்தவள்தான். மேலே இருப்பவர்கள் கேலி செய்தால் அது ஒரு மாதிரி. பக்கத்து வீட்டுக்காரியே செய்யும்போது அந்தப் பிள்ளைக்கு ஒதுங்கி நிற்க இடமே இல்லை.

இது எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் ஊரில் முன்பெல்லாம் பெயரைச் சொன்னால் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவார்கள். அப்பாவின் அப்பா, எங்கள் அப்பாரு, பெயர் குப்பன். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. இதுவாவது தங்கட்டும் என்று குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்து, எமன் கண்ணில் படாதபடி அந்தப் பெயரை வைத்தார்கள். பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆசையைத் தவிர அந்தப் பெயரில் வேறு எதுவும் இல்லை. ஆனால் யாராவது பேச்சுவாக்கில் "குப்பனும் சுப்பனும்" என்று சொன்னால் அப்பாவின் முகம் சுருங்கிப்போகும். அவர் தன் பிள்ளைகள் எல்லோருக்கும் தேடித் தேடி நல்ல தமிழ்ப் பெயராக வைத்தார். 2014-ல் எனக்கு மகன் பிறந்தபோதும் போனில் அவர்தான் சொன்னார்.

"கவின்னு வெய்யி கண்ணு. மூணே எழுத்து. வெள்ளைக்காரன் வாயிலயும் நொழைஞ்சுரும்."

கவின் என்றால் அழகு. சங்கப் பாட்டிலேயே இருக்கும் சொல். எனக்கு உடனே பிடித்துவிட்டது. என் கணவர்தான் தயங்கினார். அவர் லண்டனில் படித்தவர், என்னைவிட இந்த ஊரை அறிந்தவர். "இவங்களுக்குக் கெவின்னு கேட்கும். கெவின்னா இங்க என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாது" என்றார்.

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. 1960களில் இங்கே முன்னணியில் இருந்த ஆண் பெயர்களில் ஒன்று கெவின். சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து இங்கிலாந்துக் கால்பந்து அணிக்கே தலைவரான கெவின் கீகனின் பெயர். 1990களில் அது தொலைக்காட்சியில் முரட்டுப் பதின்வயதுப் பையனின் பெயராகி, அப்படியே சரிந்துவிட்டது. ஜெர்மனியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே 2009-ல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வில், கெவின் என்ற பெயரைக் கேட்டாலே அடங்காத பிள்ளை என்று பலர் நினைப்பது வெளியே வந்தது.

இங்கிலாந்தில் பிறந்த 42 நாளுக்குள் குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் 39-ஆவது நாள் போனோம். பதிவாளர் வயதான பெண்மணி, கனிவாகப் பேசினார். என் வேலை என்ன, கணவர் வேலை என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார். இங்கே முழுப் பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இருக்கும் அதே தாளில் பெற்றோரின் தொழிலும் இருக்கும். அப்புறம் பெயரைக் கேட்டார். சொன்னேன். சரிபார்க்கச் சொல்லித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கெவின் என்று இருந்தது. இரண்டாவது எழுத்து ஈ இல்லை, ஏ என்றேன். "ஓ, கவின்! ரொம்ப நல்லது" என்று திருத்தினார். அந்த "ரொம்ப நல்லது"வில் அவருக்கு வந்த நிம்மதியை நான் கேட்டேன். கணவரும் கேட்டார்.

முதல் பெயரை ஒரு முறை மாற்றிக்கொள்ளப் பதிவு செய்ததிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. கணவர் அந்தப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து சமையலறை மேசை டிராயரில் வைத்தார். வற்புறுத்தவில்லை. "யோசி" என்றார், அவ்வளவுதான். பல ராத்திரி பாலூட்டும்போது யோசித்தேன். நிலவன் என்று வைத்தால் யாரும் தப்பாகக் கேட்க மாட்டார்கள். ஆதி என்றால் இன்னும் சுலபம். இதெல்லாம் சரிதான். ஆனால் கவினை நான் மாற்றினால் என்ன காரணத்துக்காக மாற்றுகிறேன்? அது அயல்நாட்டுப் பெயராகத் தெரிகிறது என்பதற்காக அல்ல. என் மகனை யாராவது ஓர் ஏழை வெள்ளைக்காரப் பையன் என்று நினைத்துவிடுவார்களோ என்பதற்காக. ஷூக்களை அடுக்கி வைத்த அந்தப் பையனை மாதிரி ஒருவன் என்று. இதை எனக்கு நானே வாய்விட்டுச் சொன்னபோது தாங்க முடியவில்லை.

பயமும் இருந்தது. பிரிட்டிஷ் அரசுத் துறை ஒன்றுக்காக நடத்தி 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையர் பெயருக்கு 9 விண்ணப்பம் அனுப்பினால் ஒரு சாதகமான பதில் வந்தது. சிறுபான்மையினர் பெயருக்கு 16 தேவைப்பட்டது. 2019-ல் ஆக்ஸ்ஃபோர்டின் நஃபீல்ட் கல்லூரி ஆய்வும் சிறுபான்மையினர் 60 சதவீதம் அதிக விண்ணப்பம் போட வேண்டியிருப்பதாகக் காட்டியது. இவை இனத்தைப் பற்றிய சோதனைகள், வர்க்கத்தைப் பற்றியவை அல்ல. வர்க்கப் பக்கம் பார்த்தால், பொருளாதார வரலாற்றாசிரியர் கிரெகரி கிளார்க் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்த மாணவர்களின் முதல் பெயர்களை அதே வயதுக்காரர்களின் பெயர்களோடு ஒப்பிட்டார். எலினர்கள் எதிர்பார்ப்பதைவிட மிக அதிகம், ஜேடு, பெய்ஜ் போன்ற பெயர்கள் மிகக் குறைவு. எலினர் என்று பெயர் வைத்ததால் அந்தப் பெண் உள்ளே போகவில்லை. எலினர் என்று வைக்கும் வீட்டில் பிறந்ததால் போனாள். அந்த வீட்டில் இருந்த புத்தகங்களும் பள்ளிக் கட்டணமும் ஜேடுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பேசும்போது ஆட்கள் பெயரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதைவிட அது எளிது.

2015-ல் சில பெரிய நிறுவனங்களும் அரசுப் பணித் துறையும் பெயரை மறைத்து விண்ணப்பங்களைப் பார்ப்பதாக அறிவித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் நர்சரியில் பெயரை மறைக்க முடியாது. கொக்கிக்கு மேலே எழுதித்தான் ஆக வேண்டும்.

12 மாதம் முடிந்தது. படிவம் டிராயரிலேயே இருந்தது. எடுத்துப் பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதினேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நவம்பர் காலை, வீட்டில் பாய்லர் சர்வீஸ் செய்ய ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு பழைய மெத்தையைப் போட்டுக்கொண்டு பாய்லரின் முகப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது, நான் மாடியைப் பார்த்து, "கவின்! கவின், இறங்கி வா!" என்று கத்தினேன். அவர் ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பி, "என்ன லவ்?" என்றார். சின்ன வயசுப் பெண்களை அந்தத் தலைமுறை ஆட்கள் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மகன் இறங்கி வந்தான். இவன் பெயர் கவின் என்றேன். அவர் சிரித்து, தன் பெயர் கெவின் என்றார். அவர் அம்மா அயர்லாந்தில் விக்லோ பகுதியிலிருந்து 1950களில் நர்ஸ் வேலைக்கு வந்தவர். தன் இரண்டு மகன்களுக்கும் இந்தப் பெயரைக் கூடுதல் பெயராகக்கூட வைக்கவில்லை என்றார். "ஸ்கூல்ல படுத்தியிருப்பாங்க. என் காலத்துல கிளாஸ்ல நாலு கெவின் இருந்தோம், ஒண்ணும் தெரியல." அப்புறம் என் மகனைப் பார்த்து, "உன் பேருக்கு என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டார். அழகு என்று அவன் சொன்னான். "அது நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி பாய்லருக்குள் தலையை விட்டுக்கொண்டார். தன் பெயருக்கு அர்த்தம் இருக்கும் என்று அவர் நினைத்த மாதிரி தெரியவில்லை.

அன்று ராத்திரி தேடிப் படித்தேன். கெவின், ஐரிஷ் மொழியில் கீவின் என்ற பெயரின் ஆங்கில வடிவம். அழகும் மென்மையும் உள்ள பிறவி என்று பொருள் சொல்கிறார்கள். விக்லோ மலைகளுக்கு நடுவே கிளென்டலாக் என்ற பள்ளத்தாக்கில் மடம் நிறுவிய புனிதரின் பெயர் அது. அவர் கையை நீட்டி ஜெபம் செய்துகொண்டிருந்தபோது உள்ளங்கையில் ஒரு கரும்பறவை வந்து முட்டை இட்டதாம். குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை அவர் கையை மடக்கவே இல்லையாம். இரண்டு மொழிகளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஈரோட்டில் இருந்துகொண்டு அப்பா சொன்ன சொல்லும், விக்லோவிலிருந்து வந்த ஒரு நர்ஸ் மனதில் வைத்திருந்த சொல்லும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றிருந்தன.

அடுத்த வருடம் சர்வீசுக்கும் அவரே வந்தார். டீ கொடுத்துவிட்டு இதைச் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எங்க அம்மாவுக்கு அது தெரிஞ்சுதான் இருக்கும்" என்றார்.